பேரழிவு மீனா? பாவப்பட்ட மீனா?

2025 மே மாதக் கடைசியில் தமிழகக் கடலில் மீனவர்கள் வலையில் விசித்திரமான மீன் ஒன்று சிக்கியது. வெள்ளித் தகடு போல் மின்னும் உடம்பு, தலையில் சிவப்புக் கொண்டை, ஏழு பேர் வரிசையாக நின்று கையில் ஏந்த வேண்டிய நீளம். முப்பதடி என்றார்கள். வீடியோ சில நாட்களிலேயே நாடு முழுக்கச் சுற்றியது. கூடவே ஒரு பட்டமும் சுற்றியது. ஆங்கிலத்தில் "டூம்ஸ்டே ஃபிஷ்". தமிழில் "பேரழிவு மீன்". இது கண்ணில் பட்டால் நிலநடுக்கம் வருமாம், சுனாமி வருமாம், அதற்கு முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போகுமாம்!

கடற்கரை மாவட்டங்களில் பயந்தார்கள் என்றால் அதற்காவது ஒரு நியாயம் உண்டு. தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்தில் இருக்கும் தீர்த்தமலையிலிருந்து பார்த்தால் கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். எந்தச் சுனாமியும் அந்த மலையடிவாரத்துக்கு வந்து சேரப் போவதில்லை. ஆனால் வதந்தி வந்து சேரும். சுனாமிக்குக் கடல் வேண்டும், வதந்திக்கு செல்போன் சிக்னல் போதும்.

இந்த மீன் கொண்டு வரும் சேதி ஒன்றே ஒன்றுதான். அது தன்னுடைய சொந்தச் சாவைப் பற்றிய சேதி. அதை ஊருக்கு வந்த எச்சரிக்கை என்று மாற்றிச் சொல்வதில் இரண்டு நஷ்டம் இருக்கிறது. உலகத்தின் அதிசயமான ஒரு உயிரைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு போகிறது, அது முதல் நஷ்டம். உண்மையான எச்சரிக்கை கடலில் இருப்பவனுக்குப் போய்ச் சேர்கிறதா என்ற கேள்வியை யாருமே கேட்பதில்லை, அது இரண்டாவது. முதல் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது.

முதலில் மீனைத் தெரிந்துகொள்வோம்

ஆங்கிலத்தில் ஓர்ஃபிஷ் என்பார்கள். தமிழில் துடுப்பு மீன் என்று சொல்லலாம். வயிற்றுப் பக்கத்தில் உள்ள இரண்டு துடுப்புகள் நூல் போல நீண்டு, நுனியில் மட்டும் தட்டையாக விரிந்து, படகோட்டியின் துடுப்பு போலவே இருக்கும். அதனால் அந்தப் பெயர். உலகில் உள்ள எலும்பு மீன்களிலேயே மிக நீளமானது இதுதான். (சுறாக்கள் குருத்தெலும்பு மீன்கள் என்பதால் இந்தப் போட்டியில் சேர்வதில்லை.) 8 மீட்டர் வரை நம்பகமாகப் பதிவாகியிருக்கிறது. 11 மீட்டர் என்ற கணக்கும் சொல்லப்படுவதுண்டு.

அது வசிக்கும் இடம் கடல் மட்டத்துக்குக் கீழே 200 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை. அங்கே வெளிச்சம் மிகச் சொற்பம், போகப் போக அதுவும் இல்லை. வெளிச்சம் இல்லாததால் செடி, பாசி எதுவும் வளராது. சாப்பாடு எல்லாம் மேல்மட்டத்திலிருந்து வர வேண்டியதுதான். பி.காம். படிக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அது வரவு மிகக் குறைவான சந்தை. அந்த மாதிரிச் சந்தையில் ஒரு கம்பெனி நிலைத்து நிற்க வேண்டுமென்றால் செலவைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. துடுப்பு மீன் செய்திருப்பது அதைத்தான்.

அதன் சதை நீர் கோத்து, கொழகொழவென்று இருக்கும். கெட்டியான தசையை வளர்த்து வைத்துக்கொள்ளத் தீனி அதிகம் வேண்டும். எனவே அது வேண்டாம் என்று விட்டுவிட்டது. உடம்பில் செதில்கள் கிடையாது. பல மீன்களுக்கு இருக்கும் காற்றுப்பையும் கிடையாது. ஆழத்தின் அழுத்தத்தில் ஒரு பைக்குள் வாயுவை நிரப்பி வைப்பது சாதாரண வேலை இல்லை, அந்தச் செலவும் மிச்சம். வாயில் பல் கிடையாது. கூனிப்பொடி மாதிரி இருக்கும் கிரில் என்ற சின்னஞ்சிறு உயிர்களைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி, செவுளில் இருக்கும் சல்லடையால் வடிகட்டித் தின்கிறது. முப்பதடி "அரக்கன்" சாப்பிடுவது நகத்தளவு கூனியை!

நீந்தும் விதம் இன்னும் வேடிக்கை. பாம்பு போல உடம்பை வளைத்து நெளிந்து போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்வையிட இறக்கிய ரோபோ கேமராக்களில் 2008க்கும் 2011க்கும் இடையில் சில முறை உயிருள்ள துடுப்பு மீன் தானாக வந்து மாட்டியது. அதில் பார்த்தால், தலை மேலே, வால் கீழே என்று தண்ணீரில் கம்பம் நட்ட மாதிரி நிற்கிறது. உடம்பை அசைப்பதே இல்லை. தலையிலிருந்து வால் வரை முதுகில் ஓடும் நீண்ட துடுப்பை மட்டும் அலை அலையாக ஆட்டி நகர்கிறது. முழு உடம்பையும் ஆட்டினால் ஆகும் செலவு இதில் ஆவதில்லை.

எல்லாவற்றையும் விட ஆச்சரியம் அதன் வால். பிடிபட்ட பெரிய துடுப்பு மீன்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் வால் பகுதி அறுந்து போய், காயம் ஆறிய தழும்போடு இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பல்லி வாலை விடுவது போல இதுவும் தன் வாலை விட்டுவிடுகிறது. பல்லிக்குத் திரும்ப முளைக்கும், இதற்கு முளைப்பதில்லை. ஆனால் வால் நுனியில் உயிருக்கு இன்றியமையாத உறுப்பு எதுவும் இல்லாததால் நஷ்டம் தாங்கக்கூடியதே. நஷ்டத்தில் ஓடும் கிளையை மூடிவிட்டு தலைமை அலுவலகத்தைக் காப்பாற்றும் கம்பெனி மாதிரி.

ஆக, இது யாரையும் துரத்தாத, யாரையும் கடிக்க முடியாத, இருட்டில் நின்றபடி கூனி வடிகட்டித் தின்னும் ஒரு சாது. இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. தசை பலம் இல்லாததால் பலமான நீரோட்டத்தையோ புயலில் கலங்கும் தண்ணீரையோ எதிர்த்து நிற்க அதனால் முடியாது. நோய் கண்டாலும் காயம் பட்டாலும் அப்படியே அடித்துக்கொண்டு வரப்படும். மேல்மட்டத்துக்கு வரும் துடுப்பு மீன் பெரும்பாலும் சாகக் கிடப்பது, இல்லையென்றால் ஏற்கனவே செத்தது.

2025இல் தமிழகக் கடலில் கிடைத்ததோ அதுவும் இல்லை. அதை வலை போட்டுத் தூக்கினார்கள். மீன் எங்கும் வரவில்லை, இழுத்து வரப்பட்டது! கழுத்தில் கயிறு கட்டி இழுத்து வந்த ஒருவரை "தூது சொல்ல வந்திருக்கிறார்" என்று யாராவது சொல்வார்களா?

அது நம் கடலுக்குப் புதியதும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், விசாகப்பட்டினத்தில் கிடைத்த 200 மீன்களை விவரித்துப் படங்களோடு எழுதிய நூல் 1803இல் வெளியானது. அதில் இந்த மீனும் இருக்கிறது. பிரெஞ்சு விஞ்ஞானி குவியே 1816இல் அதற்கு ரஸ்ஸலின் பெயரையே வைத்தார். அறிவியல் பெயர் இன்றும் ரெகலேகஸ் ரஸ்ஸெலி. அதாவது இந்த இனத்துக்குப் பெயர் வந்ததே நம் சோழமண்டலக் கடற்கரையில் கிடைத்த மீனை வைத்துத்தான். இருநூறு வருடத்துக்கு மேல் நம் கடலில் குடியிருக்கும் ஜீவனை நேற்று வந்த சாபம் போல் பேசுவது என்ன நியாயம்?

கணக்கைக் கொஞ்சம் தணிக்கை செய்வோம்

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? ஜப்பானிலிருந்து. அங்கே இந்த மீனை "ரியூகூ நோ சுகாய்" என்கிறார்கள். கடல் தெய்வத்தின் அரண்மனையிலிருந்து வந்த தூதர் என்று பொருள். அழகான பெயர், அதில் அழிவு எதுவும் இல்லை. ஆனால் ஆழ்கடல் மீன்கள் கரை ஒதுங்கினால் நிலநடுக்கம் வரும் என்ற நம்பிக்கையும் அங்கே உண்டு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைப் பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. அதற்கு முந்தைய ஆண்டு வாக்கில் அங்கே பத்துக்கும் மேற்பட்ட துடுப்பு மீன்கள் கரை ஒதுங்கியிருந்தன. அவ்வளவுதான், கதை உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது.

ஜப்பானியர்கள் இதை நம்பிவிட்டுச் சும்மா இருந்தார்களா என்றால் இல்லை. அங்கேயே சில ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். உண்மையாக இருந்தால் எவ்வளவு உயிரைக் காப்பாற்றலாம்! அதனால் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம்தான் அது. 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்டதாகக் கிடைத்த 336 பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அதே காலத்தில் ஜப்பானில் 6 ரிக்டருக்கு மேற்பட்ட 221 நிலநடுக்கங்கள். மீன் தென்பட்ட 30 நாட்களுக்குள், 100 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நிலநடுக்கம் வந்ததா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். பொருந்தியது எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. 2007இல் வந்த ஒரு நிலநடுக்கம். 2019இல் அமெரிக்க நிலநடுக்கவியல் சங்கத்தின் ஆய்விதழில் இந்த முடிவு வெளியானது.

மிச்சமிருந்த 220 நிலநடுக்கங்கள் எந்த மீனிடமும் சொல்லாமல்தான் வந்தன. 84 வருடக் கணக்கில் ஒரே ஒரு முறை சரியாகச் சொல்லும் ஜோசியரிடம் யாராவது இரண்டாம் முறை போவார்களா?

கணக்குப்பதிவியலில் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறைதான். பற்று இருந்தால் வரவு இருக்க வேண்டும். வதந்தி வைத்திருப்பது ஒற்றைப் பதிவுப் பேரேடு. மீன் வந்தது, நிலநடுக்கமும் வந்தது என்றால் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளும். மீன் வந்தது, ஒன்றும் ஆகவில்லை என்றால் எழுதாது. மீன் வரவில்லை, நிலநடுக்கம் வந்தது என்றாலும் எழுதாது. லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை எழுதாமல் விட்டால் எந்தப் பெட்டிக்கடையும் காகிதத்தில் கோடீஸ்வரக் கம்பெனிதான்.

இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 150 நிலநடுக்கங்கள் 6 ரிக்டரோ அதற்கு மேலோ பதிவாகின்றன. மாதத்துக்கு ஒரு டஜன். எங்கே, எத்தனை நாளைக்குள் என்ற வரையறை இல்லாமல் "ஏதோ வரப் போகிறது" என்று சொன்னால் எப்படித் தப்பாகும்? தமிழகத்தில் மீன் பிடிபட்ட இரண்டு மாதம் கழித்து, 2025 ஜூலை 30 அன்று, ரஷ்யாவின் கம்சாட்கா அருகே 8.8 ரிக்டரில் நிலநடுக்கம் வந்தது. அது இங்கிருந்து எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். வேண்டுமென்றால் அதையும் நம் மீன் கணக்கில் எழுதிவிடலாம். ரஷ்யாவுக்குச் சொல்ல வேண்டிய சேதியைத் தமிழ்நாட்டில் வந்து சொல்ல அந்த மீனுக்கு விலாசம் தப்பிவிட்டதா என்று மட்டும் கேட்கக் கூடாது!

2024 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லா ஹோயா என்ற இடத்தில் 12 அடித் துடுப்பு மீன் ஒன்று செத்து மிதந்தது. இரண்டு நாளில் லாஸ் ஏஞ்சல்ஸில் நிலநடுக்கம். "பார்த்தீர்களா?" என்றார்கள். பார்த்தால், அது 4.4 ரிக்டர். அந்த அளவில் உலகத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் வருகின்றன. அலமாரியில் டம்ளர் ஆடியதற்கெல்லாம் பேரழிவு என்று பெயர் வைத்தால் உண்மையான பேரழிவுக்கு என்ன பெயர் வைப்பது?

தட்டான் சொன்னால் நம்பலாம், மீன் சொன்னால் கூடாதா?

நியாயமான எதிர்க்கேள்வி இது. தீர்த்தமலை வட்டாரத்தில் மானாவாரி நிலத்தை நம்பி இருக்கிற விவசாயியைக் கேளுங்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை என்பார். அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது.

ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். தட்டானை ஒவ்வொரு வருடமும் ஊரே பார்க்கிறது. மழை வந்ததா வரவில்லையா என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிடுகிறது. தப்பினால் விதை போகும், உழவு கூலி போகும். அதனால் தப்பான அடையாளத்தை விவசாயி அதிக நாள் வைத்துக்கொள்வதில்லை. நூறு வருடமாக நஷ்டப்பட்டு நஷ்டப்பட்டுச் சலித்தெடுத்த அனுபவம் அது. அப்படியும் தட்டான் சில நேரம் ஏமாற்றும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். துடுப்பு மீனை ஒரு மீனவர் தன் வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் அதிகம். ஒரு முறை பார்த்ததை வைத்து யாரும் எதையும் சலித்தெடுக்க முடியாது. யாராவது எல்லா ஊர்ப் பதிவையும் சேர்த்து எண்ணினால்தான் உண்டு. எண்ணினார்கள், விடை வந்துவிட்டது. அனுபவத்தை மதிக்கிறவர்கள் அந்த எண்ணிக்கையையும் மதிக்க வேண்டும், அதுவும் அனுபவம்தான்.

"புராணக் கதைகளை மட்டும் விட்டுவிடுவீர்களா?" என்றும் சிலர் கேட்பார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய ராமர் பூஜைக்குத் தண்ணீர் வேண்டி அம்பு விட்டு வரவழைத்ததுதான் தீர்த்தமலையில் பாறை மேலிருந்து விழும் ராமர் தீர்த்தம் என்பது தலபுராணம். நம்புகிறவர் நம்பிக் குளிக்கிறார், நம்பாதவர் குளிர்ச்சிக்காகக் குளிக்கிறார். அந்தக் கதையால் யாருக்கும் பிழைப்பு கெட்டதில்லை. அது தன்னை இன்றைய முக்கியச் செய்தி என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வந்ததும் இல்லை. பேரழிவு மீன் கதை அப்படி வருகிறது. விஞ்ஞானத்தின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, "ஆய்வாளர்கள் அதிர்ச்சி" என்ற தலைப்போடு வருகிறது. எந்த ஆய்வாளர், எந்த ஊர், எந்த ஆய்வு? கேட்டால் பதில் இருக்காது.

அடுத்த வாதம்: "ஆழத்தில் இருக்கிற மீனுக்குத்தானே பூமி அசைவது முதலில் தெரியும்?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துடுப்பு மீன் கடல் தரையில் கிடப்பதில்லை. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள கடலின் நடுத் தண்ணீரில் நிற்கிறது. பெரிய நிலநடுக்கங்கள் பலவும் தொடங்குவது அந்தத் தரைக்கும் பல கிலோமீட்டர் கீழே. தரையை ஒட்டி வாழும் எத்தனையோ மீன்கள் பேசாமல் இருக்க, மேலே நடுவில் நிற்கும் இது மட்டும் ஏன் ஓடி வர வேண்டும்?

"சரி, நம்பினால் என்ன நஷ்டம்?"

கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுதான். "பொய்யாகவே இருக்கட்டும், கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பதில் என்ன நஷ்டம்?" நஷ்டம் இருக்கிறது. அதை அனுபவித்தவர்கள் தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்க இருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது இந்திய நேரப்படி காலை 6.29க்கு. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! அரூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கே போய்விடலாம். கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே நடக்க அரை மணி போதும். ஆனால் யாரும் நடக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல். அன்றைக்குக் குறைந்தது என்ன? சகுனமா? இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு சுனாமி எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. குறை அதுதான்.

அதே நாளில் புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவ கிராமத்தில் நடந்ததைப் பாருங்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊர் கலைந்து ஓடியது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த கிராமம் தப்பித்தது. காப்பாற்றியது ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, சொன்னதும் நம்பி எழுந்து ஓடிய ஜனங்கள்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். சொன்னதும் நம்பினார்கள். எச்சரிக்கையின் மூலதனமே அந்த நம்பிக்கைதான். வருடத்துக்கு நாலு முறை "மீன் வந்துவிட்டது, கடல் பொங்கப் போகிறது" என்று சொல்லிச் சொல்லி அந்த மூலதனத்தைக் கரைத்துவிட்டால், உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் ஜனங்கள் "இதுவும் மீன் கதைதான்" என்று பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். புலி வருது, புலி வருது கதை எல்லோருக்கும் தெரிந்ததே. இங்கே புலிக்குப் பதில் மீன்.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 ரிக்டரில் நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை போனது, கரையிலிருந்து மக்கள் நகர்ந்தார்கள், ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் எச்சரிக்கை விலக்கப்பட்டது. மீன் ஜோசியத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். உண்மையான எச்சரிக்கையில் இடம் இருக்கும், நேரம் இருக்கும், "இனி பயமில்லை" என்று சொல்ல ஒரு ஆளும் இருப்பார். பேரழிவு மீன் விடுத்த எச்சரிக்கையை இதுவரை யாராவது வாபஸ் வாங்கியதுண்டா?

வேடிக்கை என்னவென்றால், ஆழ்கடலிலிருந்து தூது வருவது உண்மைதான்! கடல் தரையில் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. மேலே நீர்மட்டம் சில சென்டிமீட்டர் மாறினாலும் கீழே அவை உணர்ந்துவிடும். ஒலி அலை மூலம் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். செயற்கைக்கோள் கரைக்குச் சொல்லும். இந்தியாவின் மிதவைகளை நிறுவியது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். கடல் அரண்மனையின் நிஜமான தூதர் அந்த மஞ்சள் மிதவைதான். அதைப் பற்றி எத்தனை வீடியோ சுற்றியிருக்கிறது? கடலில் அந்த மிதவைகள் சேதப்படுத்தப்படுவது நெடுநாள் பிரச்சினை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பொய்த் தூதருக்கு மாலை, நிஜத் தூதருக்கு அடி.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். குமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் பெயர் பெற்றவர்கள். ஒரு முறை போனால் பல நாள் கடலிலேயே தங்குவார்கள். புயல் உருவானபோது அவர்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தார்கள். டி.வி.யில் என்ன அறிவித்தாலும் அங்கே போய்ச் சேர வழியில்லை. செல்போன் கோபுரம் எட்டாது, படகு வயர்லெஸ்ஸும் கொஞ்ச தூரத்துக்குத்தான். தமிழகம், கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், காணாமல் போனார்கள். கரையோடு பேச வழியில்லாத படகுகளுக்குச் செயற்கைக்கோள் மூலம் எச்சரிக்கை அனுப்பும் "ஜெமினி" என்ற கருவி 2019 அக்டோபரில்தான் அறிமுகமானது.

கேட்க வேண்டிய கேள்விகள் இங்கே இருக்கின்றன. ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் அப்படி ஒரு கருவி இருக்கிறதா? இருப்பது வேலை செய்கிறதா? அதில் வரும் சேதி தமிழில் வருகிறதா? மிதவைகள் எல்லாம் இயங்குகின்றனவா? இதையெல்லாம் கேட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும், பணம் ஒதுக்கியாக வேண்டும். மீனைக் கேட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "விதி, மீன் முன்னாலேயே சொன்னது" என்று முடித்துவிடலாம். பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு இதைவிட வசதியான மீன் வேறு கிடையாது.

என்ன செய்யலாம்?

ஜப்பானியர்களைப் பாருங்கள். 2019இல் ஒக்கினாவா பக்கத்தில் ஆணும் பெண்ணுமாக இரண்டு துடுப்பு மீன்கள் கிடைத்தன. அங்கிருந்த ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து முட்டையையும் விந்தையும் எடுத்துச் சேர்த்து, செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். குஞ்சுகள் சில நாட்களே உயிரோடு இருந்தன. ஆனால் துடுப்பு மீன் குஞ்சு பிறந்ததும் எப்படி இருக்கும், எப்படி நீந்தும் என்று மனிதன் பார்த்தது அப்போதுதான். இரண்டு மீனிலிருந்து அவர்கள் எடுத்தது அவ்வளவு. நாம் ஒரு மீனிலிருந்து எடுத்தது ஒரு வீடியோவும் ஒரு வதந்தியும்.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. பாம்பனுக்குப் பக்கத்திலேயே மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. 1947இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் தலைமையகமே முன்பு மண்டபத்தில்தான் இருந்தது. அடுத்த முறை இப்படி ஒரு மீன் கிடைத்தால் அளந்து, எடை பார்த்து, எந்த இடத்தில், எத்தனை ஆழத்தில் வலை போட்டபோது கிடைத்தது என்று குறித்து அவர்களிடம் சொன்னால் போதும். மீனவருக்கு அதில் ஒரு மரியாதை, நாட்டுக்கு ஒரு பதிவு.

செய்தி போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பேரழிவு மீன்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்துவிட்டு, கடைசி வரியில் "இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை" என்று பொடி எழுத்தில் போடுவது நேர்மை ஆகாது. இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் நிபந்தனையைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சடிக்கும் வேலை அது. ஆதாரம் இல்லை என்றால் தலைப்பிலும் அது இருக்கக் கூடாது.

வகுப்புத் தோழர்களுக்கும், வழிப்போக்கராக வந்து படிக்கிற மற்றவர்களுக்கும் அதைவிடச் சின்ன வேலைதான். அடுத்த முறை அந்த வீடியோ கைக்கு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நாள்? எந்த இடம்? போன முறை மீன் வந்தபோது என்ன ஆயிற்று? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கடலோரத்தில் சொந்தக்காரர், நண்பர் யாராவது இருந்தால் வேண்டுமானால் போன் போட்டு, படகில் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த ஒரு போனுக்கு இருக்கும் மதிப்பு எந்த மீனுக்கும் கிடையாது.